விமானம் போட்ட ஃபிளெக்ஸ்

ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஜான்சனின் ஃபிளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அங்கேதான் அச்சாகும். சிட்டிபாபு தன் ஆராய்ச்சிக்கான போஸ்டரையும் அங்கேயே கொண்டுபோனார். போர்ச்சுகலில் ஒரு மாநாடு. பட்டுச் சாயப் பட்டறைகளின் கழிவு நீரை வேர்க்கடலைத் தோல் கரியால் தெளிய வைக்கும் முறை அவருடையது. போஸ்டரை மாட்டி, பக்கத்தில் நின்று அதை விளக்க வேண்டும்.

“இன்னாண்ணா, ஒரே கோடும் புள்ளியுமா இருக்குது? உன் மூஞ்சியே இல்லியே!” என்றான் ஜான்சன்.

“மூஞ்சியப் பாக்கறதுக்கா கூப்ட்டாங்க? உள்ளத அடிச்சிக் குடுப்பா.”

“நீ சும்மா இரு. மூஞ்சிக்கு நான் வேற வழி வச்சிருக்கேன்.”

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அந்த வழி நின்றது. கோட்டு போட்ட சிட்டிபாபு. கோட்டை மாட்டிவிட்டது ஜான்சனின் கம்ப்யூட்டர். தலைக்கு மேல் ஒரு விமானம், அதற்கு மேல் சிலுவை. ‘போர்ச்சுகல் செல்லும் எங்கள் சபையின் செல்வம் சகோதரர் ஜோசுவாவை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.’ ஜான்சன் அதற்குக் காசு வாங்கவில்லை. சபையிலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் ஆள் அவர்.

சபையில் ஜோசுவா. சான்றிதழில் சிட்டிபாபு, இந்து, பட்டியல் சாதி. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர். கிறிஸ்தவர் என்று எழுதினால் பட்டியலில் இடம் கிடையாது. படிப்பும் வேலையும் அந்தப் பட்டியலை நம்பித்தான். போர்ச்சுகல் போவதற்கான உதவித்தொகையும் அதில்தான் வந்தது. மகளுக்காவது ஒரே பெயர் போதும் என்று, இரண்டு பக்கமும் செல்லும்படி சுகாசினி என்று வைத்திருந்தார்.

ஃபிளெக்ஸை முதலில் பார்த்தது அவள்தான். கடைக்கு ஓடினாள்.

“ஜான்சண்ணா, அத கழட்டுங்க.”

“இப்பதாம்மா கட்டினேன். ஊரே நின்னு பாத்துக்கினு போகுது.”

“அதான் கழட்டச் சொல்றேன்.”

கழற்றினான். அதற்குள் யாரோ படம் எடுத்து உதவித்தொகை தரும் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

உதவித்தொகை நின்றது. சாதிச் சான்றிதழ் மேல் விசாரணை வந்தது. வீட்டுக்கு வந்த அதிகாரி சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். சுகாசினியின் அம்மா செல்லியம்மாள் அவசரமாக மாட்டிய முருகன் படம் கோணலாகத் தொங்கியது.

“ஞாயித்துக்கிழமைன்னா எங்க போவீங்க?”

“லேபுக்கு சார்.”

முழுப் பொய் இல்லை. ஆராதனை முடிந்ததும் லேபுக்குத்தான் போவார்.

மாநாட்டுக்கு அவருடைய வழிகாட்டி, பேராசிரியர் சக்ரவர்த்தி போனார். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது. திரும்பி வந்ததும் போனில் படங்களைக் காட்டினார்.

“பாருங்கோ சிட்டிபாபு, உங்க போஸ்டர் முன்னாடி எவ்ளோ கூட்டம்! உங்க பேரைத்தான் முதல்ல சொன்னேன்.”

“சந்தோஷம் சார். கரிய எத்தன டிகிரில சுட்டோம்னு யாராவது கேட்டாங்களா?”

“ஒரு அம்மா துருவித் துருவிக் கேட்டா. நீங்க மெயில் பண்ணுவேள்னு சொல்லிட்டேன்.”

அந்த அம்மாவின் மெயில் முகவரியை அவர் வாங்கி வரவில்லை.

அதற்குப் பிறகு சிட்டிபாபு சபைக்குப் போகவில்லை. நம்பிக்கை போய்விடவில்லை. விசாரணை முடியவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏனாத்தூர் ஷேர் ஆட்டோவில் ஏறி லேபுக்குப் போனார். அதிகாரியிடம் சொன்னது முழு உண்மையாயிற்று. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

விசாரணை மட்டும் உயிரோடு இருந்தது. சுகாசினிக்கு அரசுப் பொறியாளர் வேலை கிடைக்கும் நிலை. சான்றிதழ் சரிபார்ப்பு அடுத்த மாதம். அப்பாவின் சான்றிதழ் விழுந்தால் அவளுடையதும் விழும். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு இடம் தயார் என்று போதகர் வாசலில் வந்து நின்றார். அம்மா அவரைப் பார்க்காமல் மகளைப் பார்த்தாள்.

“நீயே சொல்லுடி.”

“நம்ம தெரு சுடுகாட்டுக்கே எடுத்துக்கினு போயிடலாம்” என்றாள் சுகாசினி. போதகர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கண்ணீர் அஞ்சலி அடிக்க அவளே கடைக்குப் போனாள். ஜான்சன் அழுது முகம் வீங்கியிருந்தான்.

“எந்தப் பேரும்மா போடறது?”

“சிட்டிபாபு.”

“சிலுவ?”

“வேணாம்ண்ணா.”

“அவரும் நானும் ஒரே நாள்ல ஞானஸ்நானம் எடுத்தவங்கம்மா.”

“தெரியும். இதையும் எவனாவது போட்டோ எடுப்பான். எடுக்கட்டும்.”

வேறு படம் தேட நேரமில்லை. ஜான்சன் பழைய ஃபிளெக்ஸைக் கம்ப்யூட்டரில் திறந்தான். சிலுவையை அழித்தான். ஜோசுவாவை அழித்தான். விமானத்துக்கு வந்ததும் அவன் கை நின்றது.

“அதையும்தான்” என்றாள் சுகாசினி.