முப்பத்தோராம் எண் வாய்க்கால்காரர்

ஷாரபத்துக்குக் கேள்வி கேட்கிற வியாதி. ரொட்டி வாங்கப் போனால், இந்த அடுப்பு எத்தனை வருஷம் தாங்கும் என்பாள். பல் பிடுங்கப் போன இடத்தில், பிடுங்கிய பல்லையெல்லாம் எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டு டாக்டரையே திணறடித்தவள். வயது நாற்பத்தொன்பது. நகராட்சியில் ஆட்பட்டியல் பார்க்கும் எழுத்தர் வேலை. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி.

தலைநகர் பிஷ்கெக்கில் படித்துவிட்டு வந்த புதுத் துணை மேயர் அபாஸ்பெக் ஒரு திங்கட்கிழமை அவளை அழைத்தார்.

"அக்கா, இருநூத்திப் பன்னெண்டு பேருக்குச் சம்பளம் போகுது. தெருவுல பாத்தா இருபது துடைப்பம்கூடக் கண்ணுல படல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒவ்வொருத்தரையும் வேலை செய்யற எடத்துல போய்ப் பாருங்க. பாக்க முடியாத பேரை அடிச்சிருவேன். யாரோட சொந்தக்காரனா இருந்தாலும் சரி."

"என் சொந்தக்காரங்களா இருந்தா?"

"மொத அடி அவங்களுக்குத்தான்."

வேறொருத்தியாக இருந்தால் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருப்பாள். ஷாரபத் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் போலக் கிளம்பினாள். பதினேழு வருஷமாகப் பெயர்களோடு மட்டுமே பழகியவளுக்கு, முகங்களைப் பார்க்க இப்போதுதான் வாய்ப்பு வந்தது.

கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம், ஆரஞ்சு நிறச் சட்டையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள்: "உங்க தெருவுல எந்த வீட்டு நாய் துரத்தும்?"

உண்மையாகத் தெருவில் உழைக்கிறவர்கள் யோசிக்கவே இல்லை. கூட்டுகிற ஒருத்தி பாவாடையைக் கணுக்கால்வரை தூக்கித் தழும்பையே காட்டினாள். விளக்கு பழுதுபார்ப்பவர் என்று வந்து நின்ற ஓர் ஆறடி ஆள் மட்டும் தலையைச் சொறிந்தார். "நாயா? மைதானத்துக்குள்ள நாயை விடமாட்டாங்களே." நகராட்சியின் கைப்பந்து அணியில் பாதி, விளக்குப் பிரிவில்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் ஒருவர் விருந்துகளில் பாடுகிறவராம். என்ன பாட்டு என்று கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அவர் இரண்டு பாட்டுப் பாடினார். நன்றாகவே பாடினார். கேட்டு முடித்துவிட்டுப் பெயரை அடித்தாள். மனசு கொஞ்சம் உறுத்தியது.

வியாழக்கிழமை மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். வாதுமைத் தெருவின் வாய்க்கால்காரர், எண் முப்பத்தொன்று. மலையிலிருந்து வரும் தண்ணீரைத் தெருத் தெருவாகத் திருப்பிவிடுகிற வேலை. அந்தப் பிரிவின் தாளில் எண் மட்டும்தான் இருந்தது. பெயர்கள் சம்பளப் பிரிவு மமசாலியின் பேரேட்டில்.

தெருவுக்குப் போனாள். வாய்க்காலில் பிளாஸ்டிக் பாட்டில்கள். இரு பக்கமும் மரங்கள் நுனி கருகி நின்றன. புர்மாகன் என்கிற குண்டுப் பெண்மணி மண்வெட்டியால் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள்.

"வாய்க்கால்காரரா? பதினோரு வருஷமா அந்த மகராசனைத்தான் தேடறோம். கீழ்த் தெருக்காரங்க நம்ம தண்ணியையும் இழுத்துக்கறாங்க. என் பாதாமி மரம் ரெண்டு போச்சு. நீதான் கணக்கெடுக்கறவளா?"

"ஆமா."

"அப்போ அவனைப் புடிச்சு இங்க கூட்டிட்டு வா. இந்த மண்வெட்டிக்கு என்ன பேருன்னு கேக்கறேன்."

"கண்டிப்பா கூட்டிட்டு வரேன்" என்றாள் ஷாரபத். அவளுக்கும் ஆத்திரமாக வந்தது. பதினோரு வருஷம் உட்கார்ந்து தின்றவன் எப்படி இருப்பான் என்று பார்த்தே ஆகவேண்டும்.

அலுவலகம் திரும்பிக் கேட்டால், மமசாலி பேரேட்டைக் கொடுக்க மாட்டேன் என்றார். தேநீர் ஊற்றினார். மகள் கல்யாணப் பேச்சை எடுத்தார். பழைய கோப்பு பூச்சி அரித்துவிட்டது என்றார்.

"அண்ணே, யாரு அது? உங்க மச்சானா?"

"கிளறாதே ஷாரபத். நாளைக்குள்ள அந்த எண்ணுக்கு வேற ஆளைக் காட்டிடறேன். நீ 'பார்த்தேன்'னு எழுதிடு."

"பாக்காம எழுதமாட்டேன்."

மமசாலி பெருமூச்சு விட்டுப் பேரேட்டை அவள் பக்கம் திருப்பினார். முப்பத்தொன்று. ஷாரபத் மாமிதோவா.

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எழுத்தர் எடத்துல ஒண்ணைக் குறைக்கச் சொன்னாங்க. குறைஞ்சது உன் எடம். உன்ன மாதிரி வேலை தெரிஞ்சவளை எப்படி அனுப்பறது? அப்போ உங்கம்மா வேற ஆஸ்பத்திரியில. வாய்க்கால்ல ஒரு எடம் காலியா இருந்துச்சு. பேரை அங்க போட்டுட்டு உன்னை அதே நாற்காலியில உக்கார வெச்சோம். நீதான் கையெழுத்துப் போட்ட."

போட்டிருக்கிறாள். ஊரார் தாளையெல்லாம் வரிக்கு வரி படிக்கிறவள் தன் தாளைப் படிக்கவில்லை. பக்கத்து மேசை குல்சுனைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று தெரியும். தனக்குப் பட்டயம் இல்லாததால் என்று நினைத்திருந்தாள். உலகத்தையே கேள்வி கேட்டவள் அதை மட்டும் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பேரேட்டை மூடி மமசாலி பக்கமே தள்ளினாள்.

"ஒன்பது வருஷம்தான் பாக்கி. 'பார்த்தேன்'னு ஒரே வார்த்தை" என்றார் மமசாலி.

வெள்ளிக்கிழமை காலை அபாஸ்பெக் பட்டியலின் கடைசி வரியை உரக்கப் படித்தார். "'முப்பத்தொன்று: பதினோரு வருஷமாக வேலையிடத்தில் காணப்படவில்லை. இன்று மதியம் முதல் காணலாம். ஷாரபத் மாமிதோவா.' என்னக்கா இது?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் காதுவரை சிவந்துபோனார்.

"நீங்க போயிட்டா இந்தப் பட்டியலை யாரு பாக்கறது?"

"உங்க பட்டியல்ல அந்த வேலைக்கு ஆளே இல்லையே தம்பி. நான் நல்லா எண்ணிப் பாத்துட்டேன். வாய்க்காலுக்குத்தான் ஆள் இருக்கு. மதியத்துக்குமேல வந்து பாருங்க. அங்க இல்லேன்னா என் பேரையும் அடிச்சிருங்க."

மதியம், அலுவலகச் செருப்போடு வாதுமைத் தெருவுக்குப் போனாள். புர்மாகன் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன, புடிச்சியா?"

"புடிச்சிட்டேன்."

"எங்க அவன்?"

ஷாரபத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். புர்மாகன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தெருவில் வேறு யாருமில்லை. புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் வாயிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. ஷாரபத் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். வசவு தீர்ந்ததும் புர்மாகன் மண்வெட்டியை அவள் கையில் திணித்தாள்.

"நமக்குப் புதன்கிழமை தண்ணி. அதுக்குள்ள மூலைவரைக்கும் வாரணும்."

ஷாரபத் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். இரண்டு வெட்டு வெட்டியதும் நிமிர்ந்தாள்.

"அக்கா, இந்தத் தெருவுல எந்த வீட்டு நாய் துரத்தும்?"