ஓடுகிற மிஷினுக்குப் பூஜை

மறப்போம் மன்னிப்போம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அவர்களுக்கு இதுவரை யாரும் உருப்படியாக ஒரு கெடுதல் செய்ததில்லை போலிருக்கிறது. எனக்குச் செய்தார்கள். நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

ஓசூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பல வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன் தொழிற்பேட்டையில் போர்டுகளில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற சால்டர் வேலை. அந்தப் பழக்கத்தில் கடையில் பவர் சப்ளை என்றாலே என் மேஜைக்குத்தான் வரும். சுவரிலிருந்து கரண்ட்டை வாங்கி, கம்ப்யூட்டர் தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. அது கெட்டால் சில சமயம் தான் மட்டும் சாகும், சில சமயம் கூட இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

முதலாளிக்கு சால்டரிங் கம்பியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் பக்தி அதிகம். ஆயுத பூஜைக்கு ஊரெல்லாம் மிஷினை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைக்கும். எங்கள் கடையில் மட்டும் சர்வீசுக்கு வந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் வரிசையாக வைத்து ஓடவிட வேண்டும். எல்லா ஸ்கிரீனிலும் சரஸ்வதி படம் தெரிய வேண்டும். "நின்ன மிஷினுக்குப் பூஜை போட்டா வருசம் பூரா நின்னுதான் கெடக்கும்" என்பார். பிறகு மஞ்சளும் குங்குமமும் கரைத்த சொம்பில் மாவிலையை முக்கி, ஒவ்வொரு மிஷினுக்கும் மேலும் பின்னும் தாராளமாகத் தெளிப்பார். "அணைச்சுட்டுத் தெளிங்கண்ணா" என்று முதல் வருடமே சொல்லிப் பார்த்தேன். சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே என்று வாயை அடைத்துவிட்டார்.

ஒரு வருடம் பூஜைக்கு முன்னால் ராயக்கோட்டையிலிருந்து ஒரு தக்காளி மண்டிக்காரரின் கம்ப்யூட்டர் வந்தது. பவர் சப்ளையில் மூன்று கப்பாசிட்டர் தளர்ந்திருந்தன. கப்பாசிட்டர் என்றால் கரண்ட்டைத் தேக்கி, ஏற்ற இறக்கம் இல்லாமல் விடுகிற சின்ன டப்பா. மூன்றையும் மாற்றினேன். அரைநாள் ஓட்டிப் பார்த்து மூடினேன். மறுநாள் அதுவும் பூஜை வரிசையில் நின்றது, தீர்த்தமும் வாங்கிக்கொண்டது.

தீபாவளிக்குள் மண்டிக்காரர் திரும்ப வந்துவிட்டார். போர்டு போயிற்று, டிஸ்க் போயிற்று, அந்த சீசன் விவரமெல்லாம் டிஸ்கோடு போயிற்று. கடை வாசலில் நின்று தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கத்தினார். அவர் கத்தியதில் தப்பில்லை. முதலாளி பெட்டியின் ஃபேன் ஓட்டை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார்.

"பாருங்கண்ணா, இந்தப் பொண்ணு மாத்துனதுதான். மூணும் உப்பிக்கினு நிக்குது."

நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். தட்டையாக இருக்க வேண்டிய மண்டைகள் மூன்றும் பூரி மாதிரி உப்பியிருந்தன. "கழட்டிப் பார்த்துடலாம்ணா, ஏன் உப்புச்சுன்னு தெரியணும்" என்றேன்.

"கழட்டி என்னத்தப் பாக்கறது? அதான் கண்ணுக்குத் தெரியுதே." பிறகு மண்டிக்காரர் தோளில் கை போட்டு, என் காதில் விழும்படியே சொன்னார். "வேலையெல்லாம் தெரியுங்கண்ணா இதுக்கு. கைராசிதான் இல்ல. என்ன பண்றது, சொல்லுங்க."

வேலை தெரியாது என்று சொல்லியிருந்தால் செய்து காட்டி வாயை மூடியிருக்கலாம். கைராசி இல்லை என்பவரிடம் எதைக் காட்டுவது? எங்கள் பக்கம் விதை போடவும் கைராசி பார்ப்பார்கள், ஊசி போடவும் பார்ப்பார்கள். அந்தச் சொல் மண்டி வண்டியில் ஏறி ராயக்கோட்டை போயிற்று, அங்கிருந்து எங்கெல்லாமோ போயிற்று. கடையிலிருந்து நின்று, வீட்டிலேயே ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தேன். குருபரப்பள்ளியில் புதிதாக ஜெராக்ஸ் கடை வைத்த ஒரு அம்மா, கொடுத்த மிஷினை மறுநாளே திரும்ப வாங்கிக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா. புதுக் கடை, பாத்துக்க" என்றார். என் கையைப் பார்க்காமல் மிஷினை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று அழுதேன். அதற்கப்புறம் அழவில்லை.

கடையிலிருந்து நிற்கும்போது ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்துவந்தேன். காயலான் மூட்டையில் முதலாளி வீசிய, மண்டிக்காரரின் அந்தப் பவர் சப்ளைப் பெட்டி. அதை வீட்டில் கழற்ற உட்கார்ந்தேன். ஒருவேளை நான் போட்ட கப்பாசிட்டர்தான் மட்டமோ, நான்தான் காரணமோ என்று பயம். அப்படியென்றால் அவர் சொன்னது உண்மையாகிவிடும்.

முதலில் ஃபியூஸ். அது போகவில்லை. ஆக, கரண்ட் வருகிற பக்கம் ஷார்ட் எதுவும் இல்லை. டயோடுகளை ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருந்தன. என் சால்டரை பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஒரு பற்றுகூட விட்டிருக்கவில்லை. கடைசியில் அந்த மூன்று உப்பல்கள். கப்பாசிட்டர் மட்டமாக இருந்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இவை மூன்றும் ஒரே மாதிரி உப்பியிருந்தன. தாங்க முடியாத வோல்ட்டை மூன்றும் ஒன்றாக வாங்கியிருக்கின்றன. உதைபட்டவனையே குற்றவாளி என்று காட்டியிருக்கிறார் முதலாளி.

அந்த வோல்ட்டை ஏற்றிவிட்டது யார்? இந்தப் பெட்டிக்குள் வேவு பார்க்கிற ஒரு சின்ன இடம் உண்டு. வெளியே எத்தனை வோல்ட் போகிறது என்று பார்த்து உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் பெட்டி ஏற்றும், கூடினால் இறக்கும். நல்ல பெட்டியில் அளவு மீறினால் தானே அணைந்துகொள்ள ஏற்பாடு இருக்கும். இது மலிவுப் பெட்டி, அது கிடையாது. அந்த வேவுக்காரன் பக்கம் லென்ஸைக் கொண்டுபோனேன். இரண்டு கால்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு கறை. ஓரத்தில் மஞ்சள், நடுவில் கருகல். மூக்கருகே வைத்தால் பூஜை அறை வாசம்.

காய்ந்த குங்குமம் மழைக்கால ஈரத்தை இழுத்து, அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்திருக்கிறது. வோல்ட் குறைகிறது என்று பொய்த் தகவல் போயிருக்கிறது. பெட்டி அதை நம்பி ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். நான் சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, தனியாகச் சிரித்தேன்.

"நாளைக்கே போய் மண்டிக்காரர்கிட்ட சொல்லிடு" என்றார் என் கணவர்.

"சொல்ல மாட்டேன். அடுத்த ஆயுத பூஜை வரட்டும்."

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆயிடும்டி."

"என் கஞ்சி ஆறாது, நீங்க கவலைப்படாதீங்க."

அந்த ஒரு வருடம் நான் சும்மா இருக்கவில்லை. காயலான் கடையில் அதே ரகப் பெட்டிகளாகப் பொறுக்கினேன். பைக் ஹெட்லைட் பல்பை மாட்டி ஓடவிட்டு, மாவிலையால் தெளித்துத் தெளித்துப் பார்த்தேன். சிலது ஒன்றும் ஆகாமல் ஓடியது. சிலது பட்டென்று அணைந்தது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் தீர்த்தம் சரியாக அந்த இடத்தில் விழும் என்று கடைசியில் பிடிபட்டது. நான் மாவிலை பறிக்கப் போகிற மாமரத்தின் சொந்தக்காரர், உன் வீட்டில் தினமும் என்ன பூஜை என்று கேட்டார். சத்ரு சம்ஹார பூஜை என்றேன்.

பூஜை அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு கணவரின் வண்டியில் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. வாடிக்கைப்படி பெரிய பார்ட்டிகளைக் கூப்பிட்டிருந்தார். மண்டிக்காரரும் முன்வரிசையில் இருந்தார், புதுக் கம்ப்யூட்டரைச் சர்வீசுக்கு விட்டிருந்தார். முதலாளிக்கு என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் பண்டிகை நாளில் தட்டோடு வந்த பொம்பளையைப் போ என்று சொல்ல முடியுமா?

வரிசையின் கடைசியில், நான் பொறுக்கியதில் ஒரு பெட்டியைப் பார்த்துத் திருப்பி வைத்து, பல்பை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். மஞ்சளாக, அடக்கமாக எரிந்தது.

"எனக்குத்தான் கைராசி இல்லியேண்ணா. உங்க ராசியான கையால இதுக்கும் தெளிச்சுடுங்க" என்றேன்.

கூட்டத்தில் இரண்டு பேர், "பாவம், தெளிங்க" என்றார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாவிலையை நன்றாக முக்கித் தெளித்தார். ஒன்றும் ஆகவில்லை. "இன்னும் கொஞ்சம்ணா" என்றேன். மறுபடி தெளித்தார்.

பல்பு கொஞ்சம் தெளிந்தது. பிறகு பிரகாசமானது. கூட்டம் "ஆகா" என்றது. முதலாளி கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார். வெளிச்சம் பால் வெள்ளையாகிக் கண் கூசியது. டப் என்று ஒரு சத்தம், கண்ணாடி கறுத்துப் போயிற்று. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

பையிலிருந்து பழைய பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து மண்டிக்காரர் கையில் கொடுத்தேன். "இது உங்களுதுதாங்கண்ணா. போன வருசம் பூஜை முடிஞ்சு உங்ககிட்ட வந்தது. அந்தச் செவப்பப் பாருங்க. இந்த பல்பு இருந்த எடத்துலதான் உங்க போர்டும் டிஸ்கும் இருந்துச்சு."

அவர் சிவப்பைப் பார்த்தார். கறுத்த பல்பைப் பார்த்தார். முதலாளி, "அது வந்துங்கண்ணா..." என்று ஆரம்பித்து, சொம்பைப் பிடித்தபடி அடுத்த மிஷின் பக்கம் நகர்ந்தார். அது மண்டிக்காரரின் புதுக் கம்ப்யூட்டர்.

மண்டிக்காரர் எழுந்து அதன் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டார். "வத்து, வத்து! வேணாம்ப்பா, நீ கை வெக்காத" என்றார். பக்கத்தில் நின்றவரும் தன் மிஷினை மறைத்தார். வரிசை முழுக்க ஒவ்வொருவராக எழுந்து பிளக்கைப் பிடுங்க, சரஸ்வதிகள் ஒவ்வொன்றாக அணைந்தார்கள். முதலாளி தன் சொந்தக் கடையில், சொம்பும் மாவிலையுமாக, எதன் மேல் தெளிப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் போட்ட கணக்கில் இது இல்லை. பல்பு வெடிக்கும் வரைதான் யோசித்து வைத்திருந்தேன். மண்டிக்காரர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கி என் கணவரின் வண்டியில் வைக்கச் சொன்னபோது, முதலாளி என்னைப் பார்த்தார். போதும், விட்டுவிடு என்று கெஞ்சுகிற பார்வை. எனக்கு அந்த ஜெராக்ஸ் கடை அம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

"பிரசாதம் தரலியேண்ணா" என்றேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பொரியை அள்ளிக் கொடுத்தார். முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றேன்.