அம்மா கேட்ட கல்சியக் கேள்வி

அம்மாவுக்குச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை. எனக்கு அதே ஊரில், பால் கொடுக்கும் மார்பில் கல்சியம் எப்படி நடமாடுகிறது என்று முனைவர் பட்ட ஆய்வு. நான் ஆய்வை முடிக்கும் நேரத்தில் அம்மாவின் மார்பை எடுத்த மாமோகிராம் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கல்சியப் படிவுகள், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

அம்மா சம்மதிக்கவில்லை. எலும்புக்கென்று கொடுத்த கல்சியக் குளிசையை நிறுத்தினார். பால்தேத்தண்ணியையும் நெத்தலியையும் நிறுத்தினார். மூன்று மாதத்தில் புள்ளிகள் தாமாகக் கரைந்துவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒன்றும் இராது, போய்க் காட்டுங்கள் என்று தினமும் கத்தினேன். எனக்கு வாய் நீளம். வேண்டாத பேச்சென்றால் அம்மாவுக்குக் காது கேட்காது.

நான் ஆய்வை எல்லோர் முன்னும் விளக்கும் ஆய்வுரை நாளன்று அம்மா பட்டுச்சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பால் சுரக்கும் செல் இரத்தத்திலிருந்து கல்சியத்தை வாங்கிப் பாலுக்குள் இறைக்கிறது, அதற்காகத் தாயின் எலும்பே கொஞ்சம் கரைந்து பிறகு மீள்கிறது என்று விளக்கினேன். குழந்தை பால் மறந்ததும் இறைப்பு நிற்கும், கல்சியம் உள்ளே தேங்கிச் செல் இறக்கும். சில புற்றுநோய்களில் இறைப்பு நிற்பதேயில்லை.

பேராசிரியர்கள் கேட்டு முடித்ததும் அம்மா கையை உயர்த்தினார். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. சலவைப் பகுதியில் பழகிய ஜெர்மனில், தடுமாறாமல் கேட்டார்: மார்பில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது நல்லதா கெட்டதா என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமா?

பெரும்பாலானவை தீங்கில்லாதவை, சில புற்றுநோயின் தொடக்கம், சந்தேகம் வந்தால் சதை எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது என்றேன். ஒன்றும் இராது என்றல்லவா வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன்! அம்மாவின் புள்ளிகள் தீங்கற்றவை என்று பின்னர் முடிவு வந்தது. அன்று அது எனக்குத் தெரியாது.

அன்றைய கேள்விகளில் அதுதான் சிறந்தது என்றார் என் பேராசிரியர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்டவர் என் அம்மா என்று மைக்கிலேயே சொன்னேன்.

பிறகு நடந்த சிறு விருந்தில், கையில் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு நின்ற அம்மாவிடம், இதை வீட்டிலேயே கேட்டிருக்கலாமே என்றேன்.

"வீட்டில கேட்டா நீ ஆறுதல்தான் சொல்லுவாய். இவ்வளவு சனத்துக்கு முன்னால உன்னால பொய் சொல்ல ஏலாது," என்றார். "வியாழக்கிழமை ஊசிக்குப் போறன். நீயும் வா."