நான் வாசித்துச் சொன்ன கடிதம்

எங்கள் எஸ்டேட்டில் இங்கிலீஷ் என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். மஞ்சூர் பக்கத்து எஸ்டேட் அது. ஆபீசில் அப்பா பெரிய கிளார்க். கோயமுத்தூரிலிருந்து பிழைப்புக்கு மலையேறியவர், என்னை ஊட்டியில் கான்வென்ட்டில் போட்டு, அங்கேயே கல்லூரியில் ஆங்கில இலக்கியத்திலும் சேர்த்திருந்தார். சனிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்புவேன். வயது பதினெட்டு. தலைக்கனத்துக்கு வயது அதைவிட அதிகம்.

மாமா துபாயிலிருந்து வீடியோ டெக் கொண்டுவந்து கொடுத்த செய்தி பங்களா வரைக்கும் போயிற்று. மேனேஜரின் மனைவி கேசட்டுகளைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். லண்டனில் இருந்த அவருடைய அக்கா, அங்கே டிவியில் வரும் நாடகங்களைப் பதிவு செய்து அனுப்புவார். எல்லாம் பழைய இங்கிலீஷ் நாவல்களை நாடகமாக எடுத்தவை. குதிரை வண்டி, தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் கவுன், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடனம். "உங்க பொண்ணு லிட்ரேச்சர்தானே, குடும்பத்தோட பாருங்க" என்று சொல்லிக் கொடுப்பார். திங்கட்கிழமை ஆபீஸ் பக்கம் வரும்போது எப்படி இருந்தது என்று கேட்பார். அப்பாவுக்கு அது மேனேஜர் வைக்கும் பரீட்சை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்வெட்டரும் கம்பளியுமாக உட்காருவோம். வெளியே மஞ்சு மூடியிருக்கும், டிவிக்குள்ளும் மஞ்சு மூடியிருக்கும். அம்மாவுக்கு மொழியே தேவைப்படவில்லை. "ஒரு வாய் சோத்துக்கு எத்தனை கரண்டி பாருங்க" என்று தொடங்கி, "இவன் வேண்டாம், முழியே சரியில்ல" என்று மாப்பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டே வருவாள். மூன்றாவது கேசட்டில் அவள் சொன்னதுதான் நடக்கும். உண்மையிலேயே சந்தோஷமான மதியங்கள் அவை. சங்கடம் எனக்கு மட்டும்தான். அந்த நாவல்களைக் கல்லூரியில் வரி வரியாகப் படித்தவள் நான், ஆனால் அந்த மனிதர்கள் வாயைத் திறந்தால் பாதிச் சொற்களை விழுங்கிவிட்டுத்தான் பேசினார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன்.

ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து, பாத்திரமும் துணியும் அலசிப் போட ஒருத்தி வருவாள். சிலோனிலிருந்து கடைசிக் கப்பல்களில் வந்தவர்களில் ஒருத்தி. வந்த வருடமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பத்து வயது மகளை வைத்துக்கொண்டு டெம்பரரியாகக் கொழுந்து பறித்தாள். ஒரு ஞாயிறு டிவியில் ஒரு குண்டுப் பாதிரியார் கேக் தின்றுகொண்டே ஏதோ சொன்னார். கடவுளைப் பற்றிப் பேசுகிறார் என்று அப்பாவுக்கு நான் விளக்கம் சொன்ன அதே நேரத்தில், கதவோரம் விறகைப் போட்டுக்கொண்டிருந்த அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"எதுக்குச் சிரிக்கிற?" என்றார் அப்பா.

"மன்னிச்சுக்குங்கய்யா. யாரு எது குடுத்தாலும் வேணாங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காராம். அதான் மூணாவது கேக்கையும் எடுக்கறேங்குறாரு."

அவள் சிலோனில் வெள்ளைக்கார துரை பங்களாவில் ஒன்பது வருடம் ஆயாவாக இருந்தவள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க. பதிமூணு வருசம் கொட்டிக் குடுத்துப் படிக்க வெச்சேன். வெறகு கொண்டாந்தவளுக்குத் தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவள் நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து எங்களுக்குக் கதை சொன்னாள். உள்ளே வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டீ கூட அவளுக்கென்று ஜன்னலில் கவிழ்த்துவைத்த அலுமினிய டம்ளரில்தான். ஆனால் நன்றாகச் சொன்னாள். கிழவிக்கு ஒரு குரல், காதலனுக்கு ஒரு குரல். சொல்லாததையும் சொன்னாள். "துரைசானி ரொம்பக் கோவமா இருந்தா டீ ஊத்தையில சத்தமே வராதுங்க அம்மா, பாருங்க" என்பாள். பார்த்தால் சத்தமே வராது. திங்கட்கிழமைகளில் அப்பா மேனேஜரம்மாவிடம் நிமிர்ந்து பேசினார். நான் அவளை வெறுத்தேன். ஒரு பெண்ணை அந்த அளவுக்கு நான் பிறகு வெறுத்ததே இல்லை. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரு வாரம் கருப்பு உடுப்புப் போட்ட கிழவி ஒருத்தி வேலைக்காரியைத் துரத்தும் காட்சி வந்தது. கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, அதைப் படித்தும் காட்டினாள். "இவ என் வீட்டுல வேலை செஞ்சா. இவ மேல குறை சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்காங்க" என்று நிலைப்படியிலிருந்து இவள் சொன்னாள்.

"நல்லாத்தானே எழுதியிருக்கு" என்றாள் அம்மா.

"இல்லீங்க அம்மா. பிடிக்காதவங்களை அனுப்பையில இப்படித்தான் எழுதுவாங்க. இந்தக் கடுதாசியைக் கொண்டுபோனா எந்த பங்களாவுலயும் சேத்துக்க மாட்டாங்க."

அடுத்த ஞாயிறு அப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். மேனேஜரம்மாவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. இங்கிலீஷ் தெரிந்த ஆயா வேண்டும், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நல்ல கடிதமும் வேண்டும். பங்களாவுக்குப் பின்னால் ஆயாவுக்குத் தனி அறை உண்டு. வெளியே உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, எனக்குக் கேட்டுப் பாருங்கய்யா. எங்களுக்கு லயத்து வரிசை வீட்டுல பாதி அறைதான். அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், நடுவுல சாக்குதான் மறைப்பு. மக பெரியவளாகப் போறா. கதவு வச்ச அறைன்னா போதுமுங்க."

"கடுதாசி இருக்குதா?"

"இருக்குங்கய்யா. தோட்டத்தை கவருமெண்டு எடுத்து, துரை குடும்பம் சீமைக்குக் கப்பல் ஏறையில துரைசானி எழுதிக் குடுத்தது."

"அம்மணிகிட்டக் காட்டு" என்று என்னைக் கைகாட்டினார். "அம்மணி படிச்சுப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னாப் போதும், நாளைக்கே பேசறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா ஃபேக்டரிக்குப் போனார். என்னைப் புண்படுத்தியதற்கு அவர் செய்த பரிகாரம் அது என்று நினைக்கிறேன்.

அவள் லயத்துக்கு ஓடிப்போய் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கடிதத்தைக் கொண்டுவந்தாள். இதுவரை யாரிடமும் வாசிக்கக் கொடுத்ததில்லையாம். "லயத்துல யாருக்குங்க இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்? துரைசானியும் அழுதுக்கிட்டே குடுத்தாங்க, வாசிச்சுக் காட்டல. அப்படியே இங்கிலீஷ்லயே வாசிங்க பாப்பா. எழுத்துதான் தெரியாது, காதுல விழுந்தா விளங்கும்."

முதலில் வாய்விட்டு வாசிக்காமல் கண்ணால் படித்தேன். இரண்டு பக்கம். பையன்கள் இருவரும் காய்ச்சல் வந்தால் என்னிடம் வரவில்லை, இவளிடம்தான் போனார்கள் என்று எழுதியிருந்தது. அவர்கள் முதலில் பேசிய சொல் தமிழ்ச் சொல். சின்னவன் இவளுடைய பழைய சேலைத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் தூங்குகிறான், அதையும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறோம். இவளை விட்டுவிட்டுப் போக எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவளைச் சேர்த்துக்கொள்ளும் வீடு கொடுத்துவைத்த வீடு. கல்லூரியில் நான் படித்த எந்த உரைநடையும் அதற்கு உறைபோடக் காணாது.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் பங்களாவுக்குப் போனால், மேனேஜரம்மாவோடு தினமும் இங்கிலீஷில் பேசுவாள். கிளார்க் மகளின் லட்சணம் என்ன என்று ஒரே வாரத்தில் பங்களாவுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஆங்கிலத்தில், கடிதம் படிக்கிற தோரணையில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: இவள் என் வீட்டில் வேலை செய்தாள். இவள் மீது குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பொய் சொல்லக்கூட எனக்குச் சொந்தமாக இரண்டு வரி வரவில்லை. முந்தின வாரம் டிவியில் கேட்டதைத்தான், அவள் வாயால் எனக்கு விளங்கியதைத்தான், அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

"ரெண்டு பக்கம் இருக்குங்களே பாப்பா" என்றாள்.

"எழுத்து பெருசு" என்றேன். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எங்க துரைசானியும் அந்தக் கருப்பு உடுப்புக் கெழவி மாதிரியே எழுதியிருக்காங்க" என்று சொல்லி, கடிதத்தை மடித்துக் கவரில் போட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கிளார்க் வழியாக அல்லாமல் அவள் பங்களா வாசலை மிதிக்க முடியாது. கிளார்க் மகளைப் பொய்க்காரி என்றால் மறுநாள் கொழுந்துப் பையும் கிடைக்காது. இரண்டும் எனக்குத் தெரியும்.

அப்பா வந்து கேட்டபோது "சுமாராத்தான் எழுதியிருக்குங்கப்பா" என்றேன். "அப்ப வேண்டாம், நம்ம பேரு கெட்டுப்போகும்" என்றார். விறகுக்கு வரும் ஆள் கைவிட்டுப் போகவில்லை என்று அம்மாவுக்கு நிம்மதி. குன்னூரிலிருந்து ஒரு ஆயா வந்து அந்த அறையில் தங்கினாள்.

அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள், விறகைப் போட்டாள், நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து கதை சொன்னாள். நான் தலையை உயர்த்தவில்லை. பாதியில் ஒரு பெண் கண் தெரியாத தகப்பனுக்குக் கடிதம் படித்துக் காட்டும் காட்சி வந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

"என்ன எழுதியிருக்குது அதுல?" என்றாள் அம்மா.

"அந்தப் பிள்ளை வாசிக்கிறதுதாங்க அம்மா நமக்குக் கேக்குது. உள்ள என்னா எழுதியிருக்குன்னு அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்."

அம்மா அதற்கும் தலையாட்டினாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் விறகு கொண்டுவந்தவள் எஸ்டேட்டில் கூலிக் கணக்கை முடித்துக்கொண்டாள். தேவாலா பக்கம் அவளுடைய சனங்கள் சிலருக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை மஞ்சூரில் நான் ஊட்டி பஸ்ஸுக்கு நின்றபோது, தகரப் பெட்டியும் மகளுமாக அவளும் அதே பஸ்ஸுக்கு நின்றாள். ஊட்டி போய் கூடலூர் பஸ் மாற வேண்டும். பார்க்காத மாதிரி நின்றேன். அவளே பக்கத்தில் வந்தாள்.

"பாப்பா, வேலைக்காகக் கேக்கலீங்க. அது முடிஞ்சுபோச்சு. ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கடுதாசியில பையனுங்களைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருந்திச்சா? சின்னவன் பேராவது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை, பஸ்கூட இன்னும் வரவில்லை. ஆனால் ஆமாம் என்றால் அன்று வாசித்தது பொய் என்று என் வாயாலேயே சொன்னதாகும்.

"இல்லை" என்றேன்.

"சரிங்க பாப்பா. சின்னப் பிள்ளைங்கதானே, மறந்திருக்கும்" என்றாள். பஸ் வந்தது. எனக்கு முன் சீட்டில் இடம் கிடைத்தது, அவளும் மகளும் ஊட்டி வரை பின்னால் நின்றுகொண்டு வந்தார்கள்.