பளிச்சின் மெஷின்

வாடிக்கையாளரின் காருக்குள் ஏறும் முன் அவளுடைய அப்பா செருப்பைக் கழற்றிவிடுவார். கார்களின் உள்ளும் புறமும் கழுவி மெருகேற்றித் தருவது அவர் தொழில். பட்டறைகள் உள்ள அந்தத் தெருவில் 'பளிச்' என்றால்தான் அவரைத் தெரியும். "வண்டியும் அவங்களுக்கு ஒரு வீடுதான். ஊரான் வீட்டுக்குள்ள செருப்போட போவியா?" என்பார். போன மாதம் அப்படித்தான், சோப்புத் தண்ணீர் தேங்கிய தரையில் வெறுங்காலோடு, இருக்கை கழுவும் மெஷினின் மேல் கை வைத்தபடி இறந்து கிடந்தார். ஷாக்.

மகள் மின் பொறியாளர். தொழிற்சாலை மெஷின்களைச் சோதித்து, ஓட்டலாமா கூடாதா என்று சொல்வது அவள் வேலை. தன் மெஷினை மட்டும் அவர் அவளைத் தொட விட்டதில்லை. "உன் கண்ணுல பட்டா அதுக்கு ஆயுள் முடிஞ்சுதுன்னு சொல்லிடுவ. போம்மா" என்று சிரித்து மழுப்புவார்.

அப்பாவோடு வேலை பார்த்த சித்தப்பா அவருடைய ஷெட்டை மறுபடி திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்த கார். ஈரத் தரை. பக்கத்தில் அதே மெஷின்.

"வாம்மா. பயப்படாத, புது வயர் போட்டாச்சு. அந்தப் பிஞ்ச வயர்தானே ஆளைத் தின்னுச்சு? நேத்தே ரெண்டு வண்டி முடிச்சேன்."

"பூட்ஸை ஏன் கழட்டுறீங்க?"

"உங்கப்பா இருந்தவரைக்கும், பூட்ஸோட ஏறாதடா எருமைன்னு திட்டித் தீர்த்தாரு. நான் கேக்கல. இனிமேலாவது கேப்போமேன்னு..."

பேசிக்கொண்டே சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"சித்தப்பா! கையை எடுங்க!"

அவள் பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியதைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று முனைகளில் பெரியதான எர்த் முனையைக் காணோம். அறுத்த இடம் புதிதாக மின்னியது.

"இது எங்க?"

"அதுவா? அது இருந்தா போட்டதும் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்னுடுதும்மா. அண்ணனும் பழைய பிளக்குல அறுத்துத்தான் வெச்சிருந்தாரு. அப்புறம் ஒரு தரம்கூட விழல."

அவள் அங்கே கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். விழுந்த பிரேக்கரை ரிப்பேர் என்று நினைத்து, விழவைத்த முனையை அறுத்திருக்கிறார்கள். அண்ணனும், தம்பியும்.

மீட்டரின் ஒரு கம்பியைப் பிளக்கில் மிச்சமிருந்த முனையில் வைத்தாள். மறு கம்பியை மெஷினின் தகர உடம்பில். மெஷின் சரியாக இருந்தால் சத்தம் போடக் கூடாத மீட்டர் கீயென்று கத்தியது.

"கோளாறு வயர்ல மட்டும் இல்ல. உள்ள மோட்டார்ல தண்ணி இறங்கியிருக்கு. கரண்ட் மெஷின் உடம்புக்கு வருது. அந்த முனை இருந்தா அது எர்த்துக்குப் போயிடும், பிரேக்கர் விழும். விழுந்து, மெஷினைத் தொடாதேன்னு சொல்லும். முனை இல்லன்னா நம்ம வழியாத்தான் போகும். ஆளைக் கொல்ற அந்தக் கொஞ்சக் கரண்டுக்கெல்லாம் இந்த பிரேக்கர் விழாது."

சித்தப்பா மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நேத்து ரெண்டு வண்டி..."

"பூட்ஸ் போட்டிருந்தீங்க."

அவர் தன் வெறுங்கால்களைக் குனிந்து பார்த்தார். மெல்ல நகர்ந்து காய்ந்த இடத்தில் போய் நின்றார்.

"மோட்டாரை மாத்திட்டா?"

அவள் வயர் வெட்டும் கட்டரை எடுத்து, புது வயரை மெஷினை ஒட்டிக் கத்தரித்தாள்.

"ஐயோ, புதுசும்மா அது!"

"வயரோட பழைய இரும்புக்குப் போட்டா எவனாவது எடுத்து ஓட்டுவான், சித்தப்பா."

காரை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். சித்தப்பா கை பிரஷ்ஷையும் வாளியையும் எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். கதவருகே நின்றார். திரும்பி வந்து பூட்ஸை மாட்டினார்.

"கோச்சுக்காதண்ணே" என்று முணுமுணுத்தார்.

கை பிரஷ்ஷுக்குப் பூட்ஸ் தேவையே இல்லை. அதை அவள் சொல்லவில்லை.