ஆறு மல்லாட்டை நீளமுள்ள சொல்

விதைக்கான மல்லாட்டையின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, காயின் மூக்கில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தமும் கூடவே ஈரமண் வாசனையும் வரும். நிலக்கடலையை எங்கள் திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். விதைப்புக்கு முன்னால் கூலிக்கு உரிக்கச் சாக்குச் சாக்காக வீட்டுக்கு வரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்றாலும் உரிக்க என் விரலும் வேண்டியிருந்ததால், இங்கிலீஷ் பாடத்தில் வரும் நீளமான சொற்களையும் காயோடு சேர்த்தே உடைத்தேன். ஒரு காய்க்கு ஓர் அசை. 'ரெஸ்-பான்-சி-பி-லி-டி' என்றால் ஆறு காய். "இங்கிலீசையும் சேத்து உரிச்சிக்கினு கீறான் பாரு" என்று அம்மா தெருவில் பெருமையடித்துக்கொள்வாள்.

ஒன்பதாம் வகுப்பில், ஆண்டுவிழா வரவேற்புரையை இங்கிலீஷில் சொல்ல ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது நானும் ஜெயசீலியும். அவள் ஞாயிறு பூசையில் வேதாகமம் வாசிப்பவள். அவளுடைய அக்கா புதுச்சேரியில் நர்ஸ். மண்டியில் மூட்டை தூக்கும் என் அப்பா, நான் மேடை ஏறுவதைப் பார்க்க வேலைக்கு லீவு சொல்லி வைத்திருந்தார்.

உரையில் வந்த 'ரெஸ்பான்சிபிலிடி'யை நான் ஓர் அசையையும் விழுங்காமல், ஆறு காய்க்கும் ஒரே அழுத்தம் கொடுத்து வாசித்தேன். "மூட்டை அடுக்குற மாதிரி படிக்கிறியேப்பா" என்றார் சார். வகுப்பு சிரித்தது. ஜெயசீலியோ முதல் மூன்று அசைகளை லேசாகத் தாண்டி, 'பி'யில் மட்டும் காலை ஊன்றி, மிச்சத்தை உதறிவிட்டுப் போனாள். இடம் அவளுக்குத்தான்.

வெளியே வந்ததும் அவளாகவே வந்து சொன்னாள்: "கடைசியில வர்ற 'இடி' வெறும் வால்டா. வாலுக்கு முன்னாடி அழுத்து, மிச்சம் தானா ஓடும். எலக்ட்ரிசிடி, கம்யூனிடி எல்லாம் அப்பிடித்தான். எங்கக்கா சொல்லிக் குடுத்தா."

எனக்கே தெரியும் போ என்றேன். தெரியாது. விரல் தோலுரிய நான் தேடியது அவள் வீட்டில் சும்மா கிடந்ததே என்று எரிந்தது. அதை அவள் எனக்கும் சும்மாவே கொடுத்ததுதான் தாங்கவில்லை.

மேடை எனக்கில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். "சரி வுடு, அந்த இங்கிலீசு எப்பிடித்தான் கீதுன்னு கேட்டுக்கினு வர்லாம்" என்று விழாவுக்கு வந்துவிட்டார். ஜெயசீலி பேசி முடித்ததும் பந்தலிலேயே பெரிய கைதட்டல், மூட்டை தூக்கிக் காய்த்துப்போன அவருடைய கைகளிலிருந்து வந்தது.

இப்போது விதையை மெஷின் உரித்துவிடுகிறது. நீளமான சொல் வந்தால் பிள்ளைகள் போனைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். நான் தினமும் ரயிலேறிச் சென்னைக் கம்பெனிக்குப் போய் வருகிறேன். அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் தானாக விழுகிறது. ஜெயசீலி கல்யாணமாகி விழுப்புரம் போய்விட்டாள், பார்த்தே வருஷங்களாகின்றன.

போன வாரம் வாசலில் நின்று ஆபீஸிலிருந்து வந்த போனில் இங்கிலீஷில் பேசி முடித்தேன். அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க பையன் பேசுனா, அந்த ஜெயசீலிப் பொண்ணு பேசுன மாதிரியே கீதுப்பா."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தப் பழைய இடம் மறுபடி எரிந்தது.