மச்சான் எழுந்தால் கூடாரம் படுத்துவிடும்

என் கூடாரத்தின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. பார்சலைப் பிரித்ததும் அதைச் சமையலறைத் தராசில் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று மனைவிக்குப் பெருமையாகக் காட்டினேன். அவள் தராசைப் பார்க்கவில்லை. என் தொப்பையைப் பார்த்தாள்.

“குறைக்க வேண்டியதை விட்டுட்டு, துணியைப் போயி குறைச்சிருக்கீங்க” என்றாள்.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மலையேறும் ஆசை வந்தது. கோவில்பட்டியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஏணி ஏறும் பழக்கம்கூடக் கிடையாது. மேல்தட்டு டப்பாவை வாங்க வந்தவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுவேன். அப்படிப்பட்டவன், வெள்ளைக்காரர்கள் முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய், தகர அடுப்பில் சுள்ளி எரித்து டீ குடிப்பதைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் பித்தாகிவிட்டேன். கூடாரம், அதற்கு மேலே கட்ட ஒரு மெல்லிய தார்ப்பாய், புத்தகம்போல மடங்கும் விறகடுப்பு என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. சுமையைக் குறைக்கப் பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். வெட்டினேன். அன்றிலிருந்து என் கடைவாய்ப் பற்களுக்கும் பிரஷ்ஷுக்கும் போக்குவரத்து இல்லை.

இத்தனையும் எதற்கென்றால், மனைவியோடு மலையில் இரண்டு நாள் தங்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து போன வெளியூர்ப் பயணமெல்லாம் யாராவது ஒருவர் வீட்டு விசேஷத்துக்குத்தான். மொய் எழுதாத ஒரு பயணம் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அவள் நிபந்தனை போட்டாள். “நாகலாபுரத்துல எங்க அண்ணன் காடு சும்மாதான் கெடக்கு. அங்கன இதை நிக்க வச்சு, பொழுது அடையுததுக்குள்ள ஒரு டீ போட்டுத் தாங்க. நான் ஒரு துரும்பையும் தொட மாட்டேன். டீயைக் குடிச்சேன்னா உங்ககூட மலைக்கு வாரேன். இல்லன்னா அந்தத் தார்ப்பாய் எனக்கு, வத்தல் காயப்போட.”

வெள்ளைக்காரர் போவது மரம் அடர்ந்த காடு. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குத்தான் காடு என்று பெயர். அதில் நிழலுக்கு நிற்க நினைத்தால் நம் நிழலில்தான் நிற்க வேண்டும். பெயரளவிலாவது காடு ஆயிற்றே என்று ஒத்துக்கொண்டேன்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் தன் காரிலேயே எங்களைக் கூட்டிப் போனார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வேடிக்கை பார்ப்பதற்காகவே ஒரு பை நிறையக் காராச்சேவு வாங்கி வந்திருந்தார்.

பருத்தி எடுத்து முடிந்து, மார் என்று நாங்கள் சொல்லும் காய்ந்த செடிகளையெல்லாம் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கூடாரக் கயிறுகளைக் கட்டும் நான்கு முளைகளில் முதலாவதை ஒரு வெடிப்பின் ஓரத்தில் வைத்து லேசாகத் தட்டினேன். போய்விட்டது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு எடை குறைவு. அடுத்ததை ஒரு கட்டியின் நடுவில் வைத்து அடித்தேன். அது கேள்விக்குறிபோல வளைந்து என்னைப் பார்த்தது. முதலாவதையாவது மீட்கலாம் என்று வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டேன்.

“மாப்ளே, கையை வெளிய எடுங்க. உள்ள குடியிருக்கவியளுக்குக் கோவம் வந்துரப் போவுது” என்றார் மச்சான்.

கை தானாக வெளியே வந்தது. கொஞ்சம் வேகமாகவே வந்தது.

மற்ற இரண்டும் அதேபோல வளைந்தன. கடைசியில் ஒரு கயிற்றைக் கார்ச் சக்கரத்தில் கட்டினேன். இரண்டாவதை ஸ்டெப்னியில். மூன்றாவதைத் தண்ணீர் கேனில். நான்காவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. மச்சானின் இடுப்பைப் பார்த்தேன். என்னுடையதைவிட இரண்டு சுற்றுப் பெரியது.

“என்ன மாப்ளே, அப்படிப் பாக்குதீங்க?”

“ஒண்ணுமில்ல மச்சான். நீங்க சும்மா அங்கன உக்காந்து சேவு தின்னுங்க.”

அவர் இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி இழுத்ததும் கூடாரம் விறைப்பாக நின்றது. ஒரு கிலோகூட இல்லாத கூடாரம், ஒரு காரும் ஒரு மச்சானும் தாங்க, கம்பீரமாக நின்றது. மனைவி உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். “டீ எங்கே?” என்றாள்.

அடுப்பை விரித்து, பருத்திமாரை ஒடித்து அடுக்கினேன். டீத்தூள், பால்பொடி, சீனி மூன்றையும் எடை குறைக்க ஒரே பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். தீப்பெட்டி மட்டும் நான் கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தீப்பெட்டி வாங்கியதே இல்லை; மச்சான் ஆபீஸிலிருந்து பண்டல் பண்டலாக வரும். அன்றைக்கும் அவரிடம்தான் சொல்லியிருந்தேன். மடியிலிருந்து ஒரு பண்டலை ராஜாபோல எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெறும் குச்சிகள். ஒன்றின் தலையிலும் மருந்து இல்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி, எல்லாம் மொட்டைத் தலைகள்.

மச்சான் முகம் சுருங்கியது. “ஐயையோ, இது லேபிள் சாம்பிளுல்லா. மருந்துக் குச்சியைக் கூரியர்காரன் வாங்க மாட்டான்னு வெறுங்குச்சியைப் போட்டு வச்சது.”

“பல்லு குத்தலாம்ணே. இவியளுக்கு பிரஷ்ஷும் பாதிதான இருக்கு” என்றாள் மனைவி.

ஊருக்கெல்லாம் தீ அனுப்பும் ஊர்க்காரர்கள் மூன்று பேர், பண்டல் நிறையத் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு தீயில்லாமல் உட்கார்ந்திருந்தோம். சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வேடிக்கை பார்க்க வந்தார். “தீப்பெட்டி இருக்கா அண்ணாச்சி?” என்று ஓடினேன். அவர் சட்டைப் பையிலிருந்து பச்சை நிற பிளாஸ்டிக் லைட்டரை எடுத்து நீட்டினார்.

மச்சான் வீட்டில் லைட்டர் என்பது கெட்ட வார்த்தை. தொழிலில் பாதியை அது தின்றுவிட்டது என்று அவருக்குத் தீராத வருத்தம். ஒரு கல்யாணத்தில் குத்துவிளக்கை லைட்டரால் ஏற்றினார்கள் என்று பந்தியில் உட்காராமலே வந்தவர்.

“அதை உள்ள வையுங்க அண்ணாச்சி” என்றார்.

“ஏன் அண்ணாச்சி, நல்லா எரியுதே.”

“மாப்ளே, அதுல பத்த வச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.”

சொல்லிக்கொண்டே பாதி எழுந்தார். கூடாரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளேயிருந்து, “எனக்கென்ன, மாடியில வத்தல் காத்துக்கிட்டு கெடக்கு” என்று குரல் வந்தது.

லைட்டரைத் தொட்டால் கூடாரம் விழும். தொடாவிட்டால் டீ இல்லை, மலையும் இல்லை. நான் இப்படி நடுவில் நின்று முழிக்க, ஆட்டுக்காரர் எங்களைப் பார்த்த அலுப்பில் லைட்டரால் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

“அண்ணாச்சி, அந்தப் பீடியைக் கொஞ்சம் தாங்க” என்றேன்.

“இது எப்பப் பழகுனீங்க?” என்று கூடாரம் கேட்டது.

“மச்சான், கேளுங்க. லைட்டர் பத்த வச்சது பீடியை. அடுப்பைப் பத்த வைக்கப் போறது பீடி. நமக்கும் லைட்டருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது.”

மச்சான் மூன்று சேவு மெல்லும் நேரம் யோசித்தார். பிறகு கீழே உட்கார்ந்தார். கூடாரம் நிமிர்ந்தது.

“மாருல ஒட்டுன பஞ்சை எடுத்து அடுப்புல வையுங்க. மேல நம்ம குச்சியைப் போடுங்க. மெழுகுல தோச்ச குச்சி.”

பஞ்சில் பீடி நெருப்பை வைத்து ஊதினேன். முதலில் புகை வந்தது, பிறகு கண்ணீர் வந்தது, அப்புறம் குச்சிகள் சடசடவென்று பிடித்துக்கொண்டன. வலது புருவத்தில் கொஞ்சம் போயிற்று.

“பாத்தீங்களா, மருந்தே இல்லாம எப்படி எரியுதுன்னு” என்று மச்சான் ஆட்டுக்காரரிடம் சொன்னார். லைட்டரை வென்றுவிட்ட சந்தோஷம் அவருக்கு.

சூரியன் பாதி மறைந்திருந்தபோது டம்ளரை மனைவியிடம் நீட்டினேன். மேலே சாம்பல் மிதந்தது. ஊதி ஒதுக்கினாள். ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடினாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“எப்படி இருக்கு?”

“குடிச்சா வாரேன்னுதான் சொன்னேன். எப்படி இருக்குன்னு சொல்லுதேன்னு சொல்லலியே.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அப்போ மலைக்கு வாரே” என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

“எனக்கும் ஒரு டம்ளர் உண்டுல்லா?” என்று மச்சான் சந்தோஷமாக எழுந்து அடுப்பைப் பார்த்து நடந்தார்.

கூடாரம் எங்கள் இருவர் தலையிலும் அப்படியே கவிழ்ந்தது. வழுவழுப்பான துணிக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அவள் சிரிப்பது மட்டும் கேட்டது. மூச்சு வாங்கும் வரை சிரித்தாள்.

“ஏங்க, மலையில நாலாவது கயித்தை எதுல கட்டுவீங்க?”

நான் துணியின் ஓரத்தைத் தேடித் துழாவினேன்.

“அண்ணே” என்று துணிக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். “அடுத்த மாசம் உனக்குச் சோலி ஏதும் இருக்கா?”

கூடாரத்துக்காக நான் சுமக்க வேண்டியது இன்னமும் ஒரு கிலோவுக்குக் குறைவுதான். நான்காவது முளை தானாக நடந்து வரும். அதற்குச் சேவு மட்டும் நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.